சந்தை வீதியின் இரண்டு நீளங்கள்

வேலங்காட்டுப்புதூரின் சந்தை வீதி, மெதுவாக நடக்கிறவர்களுக்கு நீண்டும் வேகமாகப் போகிறவர்களுக்குக் குறுகியும் இருக்கத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமையில். அன்றைக்குத்தான் மெக்கானிக் சென்னியப்பன், கால்நடை டாக்டர் பத்மாவதியின் காரைச் சரிசெய்து, ஓட்டிப் பார்ப்பதற்காக அந்த வீதியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு தடவை போய்த் திரும்பியிருந்தான் என்பதால், அது தன்னால் வந்ததா தானாக வந்ததா என்கிற குழப்பம் அவனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் தீரவில்லை. ஊருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. வந்தது வந்துவிட்டது, இனி எப்படிப் புழங்குவது என்பதுதான் ஊரின் கவலையாக இருந்தது.

டாக்டரம்மாவின் கார் மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதாகச் சொல்லித்தான் வந்தது. சென்னியப்பன் பானெட்டைத் தூக்கி, எஞ்சினின் தலைமேல் மடங்கிப் படுத்திருந்த காற்றுக் குழாய்களைத் தடவிப் பார்த்து, சிரித்தான்.

"எஞ்சினு குடிக்கிற காத்துக்கு இந்த வண்டியில ரெண்டு வழிங்க, டாக்டரம்மா. வளைஞ்சு வளைஞ்சு வர்ற நீள வழி ஒண்ணு, குறுக்கு வழி ஒண்ணு. நடுவுல ஒரு தட்டு. மெதுவா ஓடறப்ப தட்டு மூடிக்கும், காத்து நீள வழியில வரும். நிமிசத்துக்கு நாலாயிரம் சுத்தைத் தாண்டினா கம்ப்யூட்டரு தட்டைத் தொறந்து விட்டுரும், காத்து குறுக்கால பாயும்."

"எப்பவும் குறுக்கு வழியிலயே வந்துட்டாத்தான் என்ன? சீக்கிரம் வந்து சேருமே?" என்றார் டாக்டரம்மா.

"எல்லாரும் அதைத்தானுங்க கேக்கறாங்க. பிஸ்டன் காத்தை இழுக்குதுங்களா, அந்த இழுப்பு அலையாட்டம் குழாயில பின்னால ஓடும். அந்தக் கடைசிக்குப் போயி மோதித் திரும்பறப்ப அது இழுப்பா இருக்காது, தள்ளலா மாறியிருக்கும். வால்வு மூடற நேரத்துக்குச் சரியா வந்து சேந்துச்சுன்னா, இன்னொரு வாய் காத்தை உள்ள தள்ளி விட்டுரும். மெதுவா சுத்தற எஞ்சினுக்கு நேரம் நெறைய இருக்குது. அதனால அலை தூரமாப் போயிட்டு வரணும். வேகமா சுத்தறப்ப நேரம் இல்ல, பக்கத்துலயே திரும்பிரணும். உங்க வண்டியில தட்டை இழுத்து மூடற சின்ன ரப்பர் குழாய் வெடிச்சுப்போச்சு. தட்டு எந்நேரமும் தொறந்தே கெடக்குது. மெதுவாப் போறப்பவும் குறுக்கு வழிதான். அப்பறம் மேட்டுல தெம்பு எங்கிருந்துங்க வரும்?"

புதுக் குழாயை மாட்டி, தட்டில் ஏறியிருந்த கரியைச் சுரண்டி, வண்டியை ஓட்டிப் பார்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டு அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அக்கா மரகதம் பட்டறை வாசலுக்கு வந்து, கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "சென்னி, இன்னைக்கு வீதி முடியவே மாட்டேங்குதுடா" என்றாள்.

மரகதத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கல்யாணம் ஆகாமல், தம்பி வீட்டிலேயே தம்பியோடும் தம்பி பெண்டாட்டி கோகிலாவோடும் இருந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பால்வாடியில் சமையல் வேலை பார்த்துவந்தாள். தினமும் அரை மணி நேரத்தில் கடக்கிற வீதியை அன்று கடக்க அவளுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்திருந்தது. இரும்புக் கடையைத் தாண்டினால் போட்டோ ஸ்டுடியோ வந்தாக வேண்டும், வரவில்லை. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த சுவர்களும், புங்க மரங்களும், சொட்டிக்கொண்டிருக்கிற ஒரு குழாயடியுமாக வீதி வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது என்றும், ஸ்டுடியோ அதற்குப் பிறகுதான் வந்தது என்றும் அவள் சொன்னாள். சென்னியப்பன் உடனே ஓடிப் போய்ப் பார்த்தான். இரும்புக் கடைக்கு அடுத்து ஸ்டுடியோதான் இருந்தது.

ஒரு வாரத்தில் ஊர் அதைப் பழகிக்கொண்டது. ஸ்கூட்டர்காரர்களுக்கும் அவசரக்காரர்களுக்கும் வீதி எப்போதும்போல இரும்புக் கடை, ஸ்டுடியோ, மருந்துக் கடை, ஆஸ்பத்திரி என்று பொசுக்கென்று முடிந்தது. கைத்தடிக்காரர்களுக்கும், வயிறு தள்ளிய கர்ப்பிணிகளுக்கும், யோசனை பண்ணிக்கொண்டே நடக்கிறவர்களுக்கும் சுவரும் புங்க மரமும் குழாயடியும் வந்தன. காதலிக்கிறவர்கள் வேண்டுமென்றே காலைத் தேய்த்து நடந்தார்கள், அவர்களைத் தேடி வந்த அப்பன்மார் கோபத்தில் வேகமாக நடந்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று விழித்தார்கள். மாரியம்மன் சப்பரம் வழக்கம்போல ஆடி அசைந்து கிளம்பிப் பொழுது சாயும்வரை வந்து சேராததால், அடுத்த வாரம் அம்மனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா நடப்பதா என்று கோயில் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. சவ ஊர்வலத்தில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை: போகிறவருக்கு இன்னும் கொஞ்ச தூரம் கிடைக்கட்டும் என்று எல்லோரும் மெதுவாகவே நடந்தார்கள்.

சென்னியப்பனுக்குத்தான் தூக்கம் கெட்டது. டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்: "இது அப்பிடியே அந்த வண்டியோட காத்துக் குழாய் மாதிரியே இருக்குதுங்க." பிறகு டாக்டரம்மாவின் காரைத் திரும்ப வரவழைத்து, மாட்டிய புதுக் குழாயைக் கழற்றிவிட்டு வீதியைப் போய்ப் பார்த்தான். கார் பழையபடி மூச்சு வாங்கியது. வீதி அப்படியே இருந்தது. குழாயை மறுபடியும் மாட்டினான். கார் தெம்பானது, வீதி அப்படியே இருந்தது. "ஏனுங்க சென்னியப்பன், என்ற வண்டியில என்னதான் தேடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டதும் அவன் பானெட்டைச் சாத்திவிட்டுச் சாவியை நீட்டினான்.

மரகதம் தம்பியைப்போலக் குழம்பவில்லை. பாதி வழியில் கால் கடுத்தால் உட்கார வேண்டியிருந்தது. சும்மா உட்காருவானேன் என்று குழாயடிக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பை வைத்து, பால்வாடி வேலை முடிந்து திரும்பும்போது பணியாரம் சுட்டாள். நீள வழியில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே இடத்தில்தான் கால் கடுத்தது. அதனால் அவளைச் சுற்றி எந்நேரமும் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்படியே மூன்று மாதம் ஓடியிருக்கும். அப்போதுதான் வீதிக்குத் தார் போட மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது. விண்ணப்பத்தில் 'வீதியின் நீளம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேரூராட்சி எழுத்தர் பைக்கில் போய் அளந்தபோது நானூற்றுப் பத்து மீட்டர் வந்தது; ஓவர்சியர் நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நடந்து அளந்தபோது ஆயிரத்து நூற்று எண்பது வந்தது. ஒரு கட்டத்தில் ஒரு எண்தான் எழுத முடியும் என்று எழுத்தர் சொன்னார். அதே வாரம் சாக்கடை வாரியவர்கள், பஸ் ஸ்டாண்டு முனையில் கல் பலகைக்கு அடியில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புத் தட்டைக் கண்டார்கள். யாராவது வேகமாகப் போனால் அது மெல்லத் திறந்தது, மெதுவாகப் போனால் மூடிக்கொண்டது. "அங்க ஒண்ணு இருக்கும்னு தெரியும்" என்று அதுவரை தெரியாதவர்கள்கூடச் சொன்னார்கள்.

பேரூராட்சித் தலைவர் ருக்மணியம்மாள் ஜீப்பில் பட்டறைக்கே வந்து இறங்காமல் பேசினார். "சென்னியப்பா, நீதான் இதைப் பத்தி வெவரம் தெரிஞ்சவன்னு டீக்கடையில பேசிக்கறாங்க. வெல்டிங் செட்டும் உங்கிட்ட இருக்குது. வியாழக்கெழமை பத்து மணிக்கு அந்தத் தட்டைத் தொறந்தபடியே பத்த வெச்சுரு. வீதி குட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்."

"உள்ள இருக்கறவங்க, மேடம்?"

"மைக் வெச்ச ஆட்டோவை விடறேன். கேட்டுட்டு வெளிய வந்துருவாங்க."

சென்னியப்பன் சரி என்றான். தன்னால் வந்த கோளாறென்றால் தன் கையாலேயே தீர்ந்துவிடட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. மைக் ஆட்டோ இரண்டு நாள் வீதியில் போய்ப் போய் வந்தது. ஆட்டோ வேகமாகப் போனதால் குறுக்கு வழியிலேயே போய் வந்துகொண்டிருந்தது என்பதையும், நீள வழியில் இருந்தவர்கள் காதில் ஒரு சொல்லும் விழவில்லை என்பதையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மரகதம் வீடு திரும்பவில்லை. புதன்கிழமை காலையில், ரிட்டயர்டு தபால்காரர் ஆறுமுகப் பண்டாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"உன்ற அக்கா அங்கதான் இருக்குது. உன்னையக் கையோட வரச் சொல்லுச்சு."

"ஏனுங்க, அதுக்கு என்னாச்சு? ஏன் வீட்டுக்கு வரலீங்க?"

"அதை உங்கிட்டத்தான் சொல்லுமாம்."

"அய்யா, நாளைக்குப் பத்து மணிக்குத் தட்டைப் பத்த வெக்கப் போறோமுங்க. உடனே வந்துரச் சொல்லுங்க!"

"நான் வெளிய வரவே மூணு மணி நேரம் ஆச்சுப்பா. இன்னைக்கு இனித் திரும்பிப் போறதுக்குத் தெம்பில்ல. நீயே போ."

சென்னியப்பன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினான். ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றான். திரும்பி நடந்தான், பஸ் ஸ்டாண்டில் நின்றான். அடிக்கு ஒரு எண்ணாக எண்ணிக்கொண்டே போனான்; நாற்பதுக்குமேல் எண்கள் அவனை முந்திக்கொண்டு ஓட, கால்கள் எண்களுக்குப் பின்னால் ஓடின. கீரைக் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு கிழவியின் பின்னாலேயே, அவள் சேலை முந்தானையில் கண்ணை வைத்துக்கொண்டு நடந்தான். இரும்புக் கடையைத் தாண்டியதும் கிழவி காணாமல்போய், ஸ்டுடியோக் கண்ணாடியில் தன் முகம் மட்டும் வேர்த்து வடிவதைப் பார்த்தான். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்க நினைக்கக் கால் வேகமானது. கால் வேகமாக வேகமாக அக்கா தூரமானாள். பயந்துபோன ஒருவன் எப்படி மெதுவாக நடப்பது? ஆறு தடவை போய் வந்தபிறகு அவன் வீதியோரத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்றே புரியாமல் இருந்தான்.

கோகிலா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். "உங்க காலை நம்பிப் பிரயோசனமில்லீங்க. எதாச்சும் கனமா இழுத்துட்டுப் போங்க" என்றாள்.

பட்டறையில் எஞ்சினை இறக்கி வைத்த ஒரு கார் நின்றது. சென்னியப்பன் அதைத் தனியாளாகத் தள்ளினான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு நிலையில் தோளை முட்டுக்கொடுத்து, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, ஒரு முழம், இன்னொரு முழம் என்று தள்ளினான். ஓட நினைத்தாலும் ஓட முடியவில்லை. இரும்புக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடி அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் முகம் பின்னால் போய், சுண்ணாம்புச் சுவர் ஒன்று பக்கத்தில் வந்து, அதன்மேல் புங்க மரத்து நிழல் விழுந்து, வீதி இடது பக்கமாக வளையத் தொடங்கியது. அவன் நிறுத்தாமல் தள்ளினான். மூன்று வளைவுகளுக்கு அப்பால் பணியாரம் வேகிற வாசனை வந்தது.

மரகதம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினொரு பேர். அவளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, சுவரில் சாய்ந்தபடி ஒல்லியாக ஒருவர்.

"என்னடா, எஞ்சினில்லாத வண்டியில வந்திருக்கறே?" என்றாள்.

சென்னியப்பன் கை பிரேக்கை இழுத்து வைத்தான். அவள் ஒரு தட்டில் நாலு பணியாரம் வைத்து அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"இவுரு கோவிந்தராஜு. இருவத்தெட்டு வருசம் மில்லுல இருந்தவரு. பஞ்சுத் தூசி நெஞ்செல்லாம் அடைச்சு, பத்து அடி நடந்தா நிக்கோணும். நேத்து ரொம்ப முடியாமப் போச்சு, விட்டுட்டு வர மனசு வரல. இவுருக்கும் யாருமில்ல. நாங்க ரெண்டு பேரும் கண்ணாலம் பண்ணிக்கலாம்னு இருக்கறோம். சீரு செய்யறதுக்குக் கூடப்பொறந்தவன் நீ வேணுமில்ல? அதான் கூப்புட்டேன்."

சென்னியப்பன் பணியாரத்தைப் பார்த்தான், கோவிந்தராஜுவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். செத்துக்கித்துப் போயிருப்பாளோ என்று தேடி வந்தவன், கல்யாணத்துக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். பிறகு இரும்புத் தட்டைப் பற்றி, வெல்டிங்கைப் பற்றி, வியாழக்கிழமை பத்து மணியைப் பற்றி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லி முடித்தான்.

"இந்த வழியை மூடினா நாங்க எங்க இருப்போம்?" என்றாள் மரகதம்.

"தெரியலக்கா. யாருக்குமே தெரியல. இவரை வண்டியில உக்காத்தி வெச்சு நான் தள்ளிட்டுப் போயிர்றேன். எல்லாரும் வெளிய போயிரலாம்."

கோவிந்தராஜு கையை உயர்த்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. வெளிய எனக்கு மூச்சு பத்தறதில்லீங்க. எத்தனை இழுத்தாலும் பாதிதான் உள்ள போகும். இந்த வழியில நடந்தா மட்டும், நான் இழுக்கறதுக்கு மேல, யாரோ இன்னும் ஒரு வாய் உள்ள தள்ளி விடறாப்பல இருக்குது. நீங்க மூடறதுன்னா மூடிக்கோங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"நானும் இவுரோட இருந்துக்கறேன்" என்றாள் மரகதம். கோபமாகச் சொல்லவில்லை. பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

சென்னியப்பன் காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். திரும்பி வரும்போது எந்த வழியில் வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டு முனையில் ஊரே கூடியிருந்தது. வெல்டிங் செட்டு வந்திருந்தது. சென்னியப்பன் கல் பலகைமேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"என்ன சென்னியப்பா, நேரமாகுது" என்றார் ஜீப்பிலிருந்து ருக்மணியம்மாள்.

"மேடம், இது ரிப்பேர் இல்லீங்க. மூணு மாசமா நான்தான் தப்பா நெனச்சிட்டிருந்தேன். தட்டு ஒரே பக்கமா நின்னுபோனாத்தான் ரிப்பேர். இது நல்லா வேலை செய்யுதுங்க. நல்லா இருக்கறதை நான் கெடுக்க மாட்டேன்."

"நீ இல்லீன்னா வேற ஆளில்லையா?"

"இருக்கறாங்க. அதுக்கு முன்னால ஒருக்கா எறங்கி நடந்து பாருங்க. நீங்க அந்த வழியில போனதே இல்ல."

கூட்டம் தலைவரைப் பார்த்தது. அவர் எப்போதும் ஜீப்பிலேயே இருப்பது பந்தாவுக்காக என்றுதான் ஊர் நினைத்திருந்தது. ருக்மணியம்மாள் கம்பியைப் பிடித்து இறங்கி, வலது முழங்காலை ஒரு நிமிடம் கையால் அழுத்திப் பிடித்துவிட்டு, நடக்கத் தொடங்கினார். மூன்று அடிக்குள் அவர் நொண்டுவதை எல்லோரும் கண்டார்கள், யாரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரும்புக் கடையைத் தாண்டியதும் அவர் மறைந்தார். கூட்டம் காத்திருந்தது. பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. பஸ்கள் வந்து போயின. ஒன்றரை மணிக்கு அவர் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"தட்டை விட்டுருங்க" என்றார்.

"விண்ணப்பத்துல நீளம்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, மேடம்?" என்றார் எழுத்தர்.

"ஆளைப் பொறுத்ததுன்னு எழுதுய்யா."

எழுத்தர் அப்படியே எழுதினார். மேலிடத்திலிருந்து அது ஏன் என்று ஒரு கேள்வியும் வரவில்லை. குறுக்கு வழிக்கு மட்டும் தார் போட்டார்கள். நீள வழி மண்ணாகவே கிடந்தது. கைத்தடி வழுக்குவதில்லை என்று அங்கே இருந்தவர்களுக்கு அதுதான் சௌகரியமாக இருந்தது.

தை மாதம் மரகதத்துக்கும் கோவிந்தராஜுவுக்கும் கல்யாணம் வைத்தார்கள். குழாயடிக்குப் பக்கத்தில் பந்தல். ஊர் மொத்தமும் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேளத்தோடு மெதுவாகக் கிளம்பியது. மேளக்காரர்களுக்குத் தாளத்தை இழுத்து வாசிக்கச் சொல்லி டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். சீர்த் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்த சென்னியப்பன், தட்டில் ஏதாவது குறைகிறதா, தாலிக் கயிறு எடுத்தோமா, தேங்காய் எண்ணிக்கை சரியா என்று பதறிப் பதறிக் கால் வேகமாகிப்போக, கண்ணை நிமிர்த்தினால், மேளச் சத்தமில்லை, ஆளில்லை, அவன் மட்டும் பட்டு வேட்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். வெட்கத்தோடு திரும்பி வந்தான். மறுபடியும் கிளம்பினான். மறுபடியும் ஆஸ்பத்திரி வாசல். ஊசி போட வந்திருந்த ஒரு பெண், "யாருக்குங்க சீரு கொண்டுட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இது யார் செய்த வேலை, தான் செய்ததா, டாக்டரம்மாவின் கார் செய்ததா, ஒன்றுமே செய்யாமல் இப்படியெல்லாம் நடக்குமா என்று மூளை பழைய இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

மூன்றாவது தடவை இரும்புக் கடை முன்னால் அவன் மூச்சு வாங்கி நின்றபோது, எதிரே கூறைப் புடவையில், கழுத்தில் மாலையோடு, கைத்தடி ஊன்றி மரகதம் வந்துகொண்டிருந்தாள். பின்னால் யாரும் இல்லை.

"பொண்ணு பந்தலை விட்டு வரலாமாக்கா?"

"நீ வராம தாலி கட்ட மாட்டேனுட்டாரு அவுரு. சின்னதுலயிருந்தே இப்பிடித்தான்டா நீ. முன்னால ஓடிப் போயி நின்னுட்டு, வா வான்னு கூப்புடுவே. தட்டை இந்தக் கையில புடி."

அவன் சீர்த் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டான். அவள் அவனுடைய காலியான கையைப் பிடித்துக்கொண்டாள். தடி ஒன்று, வலது கால் இரண்டு, இழுபடும் இடது கால் மூன்று. மூன்றாவதுக்காக அவன் ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டியிருந்தது. நின்றான். நடந்தான். நின்றான். இரும்புக் கடை பின்னால் போயிற்று. சுண்ணாம்புச் சுவர் வந்தது. வளைவுக்கு அப்பால் மேளம், இழுத்து இழுத்து.

"என்னடா யோசனை?"

"ஒண்ணும் புரியலக்கா."

"போச்சாது விடு, நட" என்றாள் மரகதம்.